பிடித்துக்கொண்ட என்ஜின் பாகத்தைப் பக்குவமாகக் கழற்றுவது எப்படி?

(பண்ணை வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)



கிணற்றடியிலும் வாய்க்கால் கரையிலும் நம்மோடு சேர்ந்து பாடுபடுகிற டீசல் என்ஜினைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம். மின் இணைப்பு உள்ள கிணறுகளில் மோட்டார் ஓடுகிறது. ஆனால் இணைப்புக்குக் காத்திருக்கிறவர்கள், கடைமடையில் வாய்க்காலிலிருந்து இறைத்துப் பாய்ச்சுகிறவர்கள், கரண்ட் போனால் உதவும் என்று பழைய என்ஜினை ஒரு ஓரமாக வைத்திருக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் இன்றைக்கும் டீசல் என்ஜின்தான் கை கொடுக்கிறது.

இந்த என்ஜின் வருஷத்திலே பல மாதம் சும்மா கிடக்கும். ஆனால் தேவைப்படுகிற அன்றைக்கு உடனே ஓடியாக வேண்டும். நெல் கதிர் வெளிவருகிற சமயத்தில் தண்ணீர் தப்பினால் மணி பிடிக்காது, பதர்தான் மிஞ்சும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நேரம் பார்த்து என்ஜினைச் சுற்றினால் சுற்றாது. நாசிலைக் கழற்றினால் வராது. நட்டைத் திருப்பினால் அசையாது. "டேய், அந்தப் பெரிய சுத்தியலை எடுத்துட்டு வா" என்று ஒரு குரல் கேட்கும். நஷ்டம் அங்கேதான் ஆரம்பம்.

நட் வராததாலே யாருக்கும் பெரிய நஷ்டம் வந்துவிடாது. வராத நட்டை முறுக்கி ஸ்டட்டை உடைப்பதாலே வரும். நாசிலைக் கடப்பாரை வைத்து நெம்பி ஹெட்டைக் கீறலாக்குவதாலே வரும். ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் முடிகிற வேலை, லேத்துப் பட்டறையில் ஒரு வாரம் காத்துக் கிடக்கிற வேலையாக மாறிவிடும். பயிர் அந்த ஒரு வாரம் காத்திருக்காது.

ஆகவே, இன்றைய பேச்சில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பிடித்துக்கொண்ட பாகம் ஒவ்வொன்றுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்து அதற்கேற்ற வைத்தியம் செய்தால் பாகம் தானே இளகி வரும். காரணம் தெரியாமல் பலத்தைக் காட்டினால் பாகம் உடையும், சில சமயம் கையும் உடையும்.

ஏன் பிடித்துக்கொள்கிறது?

1897-ஆம் வருஷம் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்திலே ருடால்ப் டீசல் என்பவர் ஓட்டிக் காட்டிய என்ஜினுக்கும், உங்கள் கிணற்றடியில் நிற்கிற என்ஜினுக்கும் அடிப்படை ஒன்றுதான். காற்றை மிகவும் நெருக்கி அழுத்தினால் அது சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் பற்றிக்கொள்ளும். நம் பக்கம் பரவலாக இருக்கிற, நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடுகிற 5 குதிரைசக்தி என்ஜினில் சிலிண்டரின் அகலம் 80 மில்லி மீட்டர். பிஸ்டன் 110 மில்லி மீட்டர் ஏறி இறங்கும். உள்ளே போன காற்றைப் பதினாறில் ஒரு பங்கு இடத்துக்கு அது நெருக்குகிறது. இப்படி நெருக்கிய காற்று வெளியே கசியக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாப் பாகத்தையும் அவ்வளவு நெருக்கமாகப் பொருத்தியிருக்கிறார்கள். நெருக்கமாக இருக்கிற இடத்தில் எது புகுந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

அப்படிப் புகுவது மூன்று. ஒன்று துரு. இரும்பு துருவாக மாறும்போது பழைய இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே இடத்தை அடைக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவிலே இருக்கிற மரையில் அது ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது கரி. எரிந்த டீசலின் கரி, நாசில் உட்காருகிற துவாரத்தில் புகை கசிந்தால் அங்கே படிந்து தார் போல இறுகிவிடும்.

மூன்றாவது சூடு. சூடேறினால் உலோகம் பெருக்கும். 80 மில்லி மீட்டர் அகலமுள்ள வார்ப்பு இரும்பு 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.09 மில்லி மீட்டர் பெருக்கும். நம் தலைமுடியின் கனம் அவ்வளவுதான் இருக்கும். ஆனால் அலுமினிய பிஸ்டன் அதே சூட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பெருக்கும். குளிர்ச்சிக்கு ஓடுகிற தண்ணீர் நின்றுபோனால் பிஸ்டன் பெருத்து லைனரை இறுக்கிப் பிடித்துக்கொள்வது இதனாலேதான்.

துரு, கரி, சூடு. இந்த மூன்றில் எது என்று முதலில் பாருங்கள். ஸ்பேனரை அதற்கப்புறம் எடுக்கலாம்.

துருப்பிடித்த நட்டும் ஸ்டட்டும்

முதலில் நட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். நட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற மரையை முக்கியமாகச் சுத்தம் செய்ய வேண்டும். மேலே துரு இருக்கும்போது நட்டைத் திருப்பினால், அந்தத் துருவே மரைக்குள் போய் மறுபடியும் இறுக்கிவிடும்.

அடுத்தபடியாக எண்ணெய். கடையில் துரு இளக்குகிற ஸ்பிரே கிடைக்கிறது, அது நல்லது. அது இல்லாவிட்டால் டீசலும் என்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து மரையில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். டீசல் மெல்லிய எண்ணெய், அதனாலே இடுக்கில் இறங்கும். ஆயில் வழுவழுப்பைக் கொடுக்கும். விட்டபிறகு நட்டின் பட்டை மேலே சின்ன சுத்தியலால் டக்டக்கென்று பத்துப் பதினைந்து தட்டு தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். அந்த அதிர்விலே துருவில் முடி போல விரிசல் விழும், எண்ணெய் அதன் வழியாக உள்ளே போகும். சாயங்காலம் ஒரு தரம், படுக்கப் போகும்முன் ஒரு தரம் இப்படிச் செய்துவிட்டு, காலையில் ஸ்பேனரைப் போடுங்கள்.

ஸ்பேனர் என்றால் வளையம் உள்ள ரிங் ஸ்பேனர், இல்லாவிட்டால் பாக்ஸ் ஸ்பேனர். வாய் திறந்த ஸ்பேனரும் பைப் ரெஞ்சும் நட்டின் மூலையைத் தின்றுவிடும். மூலை போன நட்டை அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

திருப்பும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. கழற்றுகிற பக்கம் திருப்புவதற்கு முன்னால், இறுக்குகிற பக்கம் இம்மியளவு தள்ளிப் பாருங்கள். பிடிப்பு விட்டுப்போகும். அசைந்ததும் ஆர்வத்தோடே ஒரேயடியாகச் சுற்றிவிடக் கூடாது. கால் சுற்று கழற்று, அரைக்கால் சுற்று திருப்பி இறுக்கு, இரண்டு சொட்டு எண்ணெய் விடு, மறுபடியும் கால் சுற்று. மாட்டை வண்டியில் பழக்குகிற மாதிரி முன்னும் பின்னுமாகத்தான் கொண்டுவர வேண்டும்.

கைக்கு ஒரு பாஷை உண்டு, அதைக் கவனியுங்கள. கழன்று வரப்போகிற நட் 'டக்'கென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு இளகும். உடையப்போகிற ஸ்டட் சத்தம் கொடுக்காது. வெல்லப் பாகு இழுபடுகிற மாதிரி மெதுவாகக் கூடவே வரும். அப்படித் தோன்றிய அந்த நொடியிலேயே கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு நாள் எண்ணெயில் ஊறட்டும்.

ஸ்டட்டே மேலே வர வேண்டும் என்றால், அதன் மேல் மரையில் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்குங்கள். பிறகு கீழ் நட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கழற்றினால் ஸ்டட் சேர்ந்து வரும். நட் மூலை போய்விட்டது என்றால் நட்டைப் பலி கொடுத்து ஸ்டட்டைக் காப்பாற்றலாம். ஹாக்ஸா பிளேடாலே நட்டின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக, ஸ்டட் மரையைத் தொடாமல் அறுத்து, அந்த வெட்டில் உளியை வைத்து ஒரு தட்டு. நட் பிளந்துவிடும். நட் அற்பக் காசு, ஸ்டட்டும் ஹெட்டும் அப்படியல்ல.

தீ காட்டுவதற்கு முன்னாலே

எண்ணெய்க்கும் அசையாத நட்டுக்குச் சூடு கொடுப்பது உண்டு. நட்டைச் சூடாக்கினால் நட் பெருக்கும், உள்ளே இருக்கிற ஸ்டட் அவ்வளவு பெருக்காது, பிடிப்பு தளரும். ஆகவே சூட்டை நட்டுக்கு மட்டும் காட்ட வேண்டும். கொஞ்சம் ஆறியதும், ஆனால் கை வைக்க முடியாத சூடு இருக்கும்போதே, மெழுகுவத்தியை மரையில் தொட்டுப் பாருங்கள். மெழுகு உருகி உள்ளே இறங்கும். அதுவும் எண்ணெயைப் போல வேலை செய்யும்.

ஆனால் இது விளையாட்டு இல்லைங்க. தீ காட்டுவதற்கு முன்னால் டீசல் டாங்கைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். டீசல் குழாயில் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. எண்ணெயில் ஊறிய துணி, சாக்கு, வைக்கோல் எதுவும் பக்கத்தில் கூடாது. ஊற்றிய எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் நெருப்பு. ஸ்பிரே டப்பாவை நெருப்புக்கு அருகில் வைத்தால் வெடிக்கும். இரண்டு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் தீயின் மேலே தண்ணீரை ஊற்றினால் தீ பரவும். அலுமினியப் பாகத்துக்கும், ரப்பர் சீல் உள்ள இடத்துக்கும் தீ காட்டவே கூடாது. கொட்டகைக்குள் கீற்றுக் கூரையின் கீழே என்றால் இந்த வேலையே வேண்டாம்.

நாசில் வராவிட்டால்

நாசில் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் கரி. நாசிலின் அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கும். அது பழசாகிவிட்டால் புகை அதன் ஓரமாகக் கசியும். ஓடும்போது 'உஸ் உஸ்' என்று சத்தம், நாசிலைச் சுற்றிக் கறுப்பு நுரை. இந்த அடையாளத்தைப் பார்த்தவுடனே வாஷரை மாற்றினால் பின்னாலே வரப்போகிற தொல்லை இல்லை. அப்படியே விட்டுவிட்டால் கரி படிந்து, நாசில் அதன் துவாரத்திலே சிமெண்டு பூசிய மாதிரி உட்கார்ந்துவிடும்.

கழற்றும் முறை இது. டாங்கின் டீசல் குழாயை மூடுங்கள். நாசிலைச் சுற்றியுள்ள குப்பையைச் சுத்தமாக ஊதித் துடையுங்கள். நாசில் வெளியே வந்ததும் அந்தக் குப்பை சிலிண்டருக்குள் விழக் கூடாது பாருங்கள். டீசல் பைப்பைக் கழற்றும்போது ஒரு ஸ்பேனரால் நாசிலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஸ்பேனரால் திருப்புங்கள். பைப் முறுக்கிக்கொள்ளாது. கழற்றிய பைப்பின் வாயைச் சுத்தமான துணியாலே கட்டி வையுங்கள்.

நாசிலைப் பிடித்திருக்கிற இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டும். ஒன்றை முழுதும் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போனால் நாசில் சாய்ந்து இன்னும் இறுகும். பிறகு நாசிலின் ஓரத்தில் டீசல் ஆயில் கலவையை விட்டு ஊற வையுங்கள். கரிக்கு இது துருவைவிட அதிக நேரம் பிடிக்கும். ஒரு ராத்திரி முழுதும் ஊறட்டும்.

காலையில் நாசிலை மேலே இழுப்பதற்கு முன்னால் இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். நாசிலின் உடம்பில் ஸ்பேனர் பிடிக்க இடம் இருந்தால் அதைப் பிடித்து, ஸ்டட் இடம் கொடுக்கிற வரைக்கும் அரைக்கால் அங்குலம் இந்தப் பக்கம், அரைக்கால் அங்குலம் அந்தப் பக்கம் அசைக்கலாம். கரியின் பிடி முறிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் அதன் காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கிற பட்டையின் கீழே இரண்டு பக்கமும் தட்டையான நெம்புகோலை வைத்து, இரண்டையும் சமமாக, ஒரே நேரத்தில் மேலே தூக்குங்கள். இதற்கு இரண்டு ஆள் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் நாசில் கோணிக்கொண்டு ஹெட்டையே உடைக்கும். எவ்வளவு இழுக்கிறோம் என்பதைவிட, நேராக இழுக்கிறோமா என்பதுதான் முக்கியம்.

நாசிலின் பக்கவாட்டில் சுத்தியலால் அடிக்கவே வேண்டாம். அதன் உள்ளே இருக்கிற ஊசிக்கும் கூட்டுக்கும் நடுவிலே உள்ள இடைவெளி, ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று நான்கு பங்குதான். அடித்தால் ஊசி இறுகிவிடும், நாசில் குப்பைக்குத்தான் போகும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நட்டையெல்லாம் கழற்றிவிட்டு என்ஜினைச் சுற்றி, கம்ப்ரஷனாலேயே நாசிலை வெளியே தள்ளப் பார்க்கிறவர்கள் உண்டு. நல்ல ரிங் உள்ள என்ஜினில் அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோவுக்கு மேலே போகும். நாசில் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற முகம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வழி நமக்கு வேண்டாம்.

நாசில் வந்தபிறகு மறக்கக் கூடாத ஒன்று. பழைய செம்பு வாஷர் துவாரத்தின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் புது வாஷரைப் போட்டால் உள்ளே இரண்டாகிவிடும். நாசில் உயரம் மாறி, டீசல் சரியான இடத்தில் தூவாது, புகை தள்ளும். பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியது. புதியது கைவசம் இல்லை என்றால், நல்லதாக உள்ள பழைய செம்பு வாஷரைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடியும் மெதுவாகிவிடும். அவசரத்துக்கு உதவும்.

டீசல் தூவுகிறதா என்று பார்க்க நாசிலுக்கு எதிரே கையை நீட்டாதீர்கள். தூவுகிற வேகம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தத்தில் வருவது. டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். மேலே பார்த்தால் குண்டூசி குத்தின மாதிரிதான் தெரியும், வலியும் அவ்வளவாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகிப்போய் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நேர்ந்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தோடு டீசல் உள்ளே போயிருக்கு" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிஸ்டன் பிடித்துக்கொண்டால்

"என்ஜின் சுத்தவே மாட்டேங்குது, பிஸ்டன் புடிச்சுக்கிச்சு" என்று சொல்வதற்கு முன்னால் பெல்ட்டைக் கழற்றுங்கள். பம்பை மட்டும் தனியாகச் சுற்றிப் பாருங்கள். பம்பின் உள்ளே கல்லோ துருவோ சிக்கிக்கொண்டு, பழி என்ஜின்மேல் விழுவது உண்டு.

பெல்ட்டைக் கழற்றியும் சுற்றவில்லை என்றால் நாசிலை எடுத்துவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். நாசில் துவாரம் வழியாகத் தண்ணீர் வந்தால், சிலிண்டரில் தண்ணீர் தங்கியிருக்கிறது. மழைத் தண்ணீர் புகைக்குழாய் வழியாக இறங்கியிருக்கலாம், இல்லையேல் ஹெட் கேஸ்கட் வழியாகக் கசிந்திருக்கலாம். காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. அதை வைத்துக்கொண்டு பலமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடேறி நின்றுவிட்டதா? அப்போது செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். சூடான ஹெட்டின் மேலே குடத்துத் தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பு இரும்பு விரிசல் விடும். தானாக ஆறட்டும். ஆறினதும் பிஸ்டன் சுருங்கிப் பிடியை விட்டுவிடும். கையால் சுற்றினால் சுற்றும். "சுத்துதே, ஓட்டலாம்" என்று ஆரம்பித்துவிடக் கூடாது. லைனரிலும் பிஸ்டனிலும் கீறல் விழுந்திருக்கும். ஹெட்டைத் திறந்து மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஏன் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

சும்மா கிடந்து துருப்பிடித்த பிஸ்டன் என்றால் பொறுமைதான் மருந்து. நாசில் துவாரம் வழியாக டீசல் ஆயில் கலவை 100 மில்லி ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். இறங்கிப்போயிருந்தால் மறுபடி ஊற்றுங்கள். பிறகு பிளைவீலைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஒரு விரல் அசைந்தால் போதும், அதற்குமேல் எண்ணெய் தானாக வழி காட்டும். பிளைவீல் ஆரத்தில் கடப்பாரையைச் சொருகி நெம்புவதும், டிராக்டரில் கட்டி இழுப்பதும் வேண்டவே வேண்டாம். வார்ப்பு இரும்பு வளையாது, உடையும்.

அப்படியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது, தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் நட்டுகளை எதிரெதிராகக் கால் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஹெட் எழும்பவில்லை என்றால் ஓரத்தில் மரச் சுத்தியலால் தட்டுங்கள். கேஸ்கட் இடுக்கில் உளியை ஓட்டினால் அந்தக் கீறல் வழியாகக் காலமெல்லாம் கசியும்.

ஹெட் எடுத்ததும் லைனரின் மேல் பாகத்தைப் பாருங்கள். அங்கே துருவும் கரியும் வளையம்போல் படிந்திருக்கும். அதை முதலில் நைஸ் எமரித் தாளாலே எடுத்துவிட வேண்டும். அது இருக்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால் ரிங் போய் மாட்டிக்கொள்ளும். அடித்த அடியில் ரிங் உடையும்.

சிலிண்டர் அகலத்துக்குக் கொஞ்சம் சிறியதாக ஒரு கட்டை, வேலமரம் போன்ற கெட்டி மரமாக எடுத்து, பிஸ்டன் தலைமேல் வைத்துக் கட்டையின் நடுவிலே தட்டலாம். ஆனால் ஒன்று பாருங்கள். பிஸ்டன் முழுதும் மேலேயோ முழுதும் கீழேயோ நின்றிருந்தால், ராடும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அப்போது எவ்வளவு தட்டினாலும் அடி முழுதும் பேரிங்குக்குத்தான் போகும், கிராங்க் திரும்பாது. நடுவிலே நிற்கிற பிஸ்டனுக்குத்தான் இந்த முறை. மேலேயே நின்றுவிட்ட பிஸ்டனுக்கு இன்னும் எண்ணெயும், பிளைவீலை ஆட்டுவதும்தான்.

ஓட்டுவதற்கு முன்னாலே

பிஸ்டன் இளகினதும் நாசில் இல்லாமலேயே என்ஜினைப் பத்து இருபது சுற்று கையால் சுற்றுங்கள். நாம் ஊற்றிய எண்ணெய் துவாரம் வழியாக வெளியே வந்துவிடும். அது உள்ளேயே இருந்தால் இரண்டு ஆபத்து. ஒன்று, தண்ணீரைப் போலவே பிஸ்டனைத் தடுக்கும். மற்றொன்று, அந்த எண்ணெயே எரிந்து, டீசலை மூடினாலும் நிற்காமல் என்ஜின் தறிகெட்டு ஓடும். அப்படி ஓடினால் பக்கத்தில் நிற்காமல், காற்று உள்ளே போகிற வாயைப் பலகையால் அழுத்தி மூட வேண்டும். கையால் மூடக் கூடாது. ஆகவே முதல்முறை ஓட்டும்போது பலகையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றிய டீசல் ரிங் வழியாக அடியில் உள்ள ஆயிலிலும் கலந்திருக்கும். அந்த ஆயிலை முழுதும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். "போன மாசம்தானே மாத்தினோம்" என்று மிச்சம் பிடித்தால், மெலிந்துபோன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

ஸ்டட் அடியோடு உடைந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். உடைந்த துண்டில் துளை போட்டு எடுப்பது, அதன் தலையில் நட்டை வெல்டிங் வைத்து எடுப்பது இதெல்லாம் பட்டறை வேலை. கோணலாகத் துளை போட்டுவிட்டால் பட்டறைக்காரரும் கைவிட்டுவிடுவார். ஹெட்டில் விரிசல் தெரிந்தாலும், பிஸ்டன் ஒரு வாரம் ஊறியும் அசையாவிட்டாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வந்ததும் நீங்கள் என்னென்ன செய்தீர்கள், எத்தனை நாள் எண்ணெய் விட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் வேலை சுலபமாகும்.

இந்த முறையெல்லாம் பம்புசெட் என்ஜினுக்கு மட்டும் அல்ல. பவர் டில்லர், டிராக்டர், வீட்டில் நிற்கிற கார், ஜீப் எதுவானாலும் துருவும் கரியும் சூடும் ஒன்றுதான். பாகத்தின் அமைப்பு மாறும், அதனாலே அந்தந்த என்ஜினோடு வந்த கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காமல் பார்த்துக்கொள்ள

கடைசியாக, இவ்வளவு பாடும் படாமல் இருக்க வழி என்ன? பாசனம் முடிந்து என்ஜினை நிறுத்தி வைக்கும்போது ஒரு மணி நேரம் செலவழித்தால் போதும்.

சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீரை முழுதும் வடித்துவிடுங்கள். காற்று போகிற வழியில் இரண்டு மூன்று தேக்கரண்டி ஆயிலை விட்டு, டீசலை மூடிக்கொண்டு கையால் சில சுற்று சுற்றுங்கள். லைனர் முழுவதும் எண்ணெய் பூசிக்கொள்ளும். இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில், அதாவது கம்ப்ரஷன் உச்சியில் பிஸ்டனை நிறுத்துங்கள். அப்போது ஈரக் காற்று உள்ளே போகாது. புகைக்குழாயின் வாயை ஒரு தகர டப்பாவால் கவிழ்த்து மூடுங்கள். நட்டுகளின் மேலே நீட்டியிருக்கிற மரையில் கிரீஸ் தடவுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் பிளைவீலைக் கையால் நாலு சுற்று சுற்றிவிட்டு, பழைய நிலையிலேயே நிறுத்துங்கள். அமாவாசைக்கு ஒரு தரம், பௌர்ணமிக்கு ஒரு தரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

பாசனம் தொடங்குவதற்குப் பதினைந்து நாள் முன்னாலேயே என்ஜினை ஓட்டிப் பாருங்கள். அன்றைக்கு எது பிடித்திருந்தாலும் எண்ணெய் விட்டு ஊற வைக்க உங்களுக்கு நேரம் இருக்கும். பயிர் வாடுகிற அன்றைக்குக் கண்டுபிடித்தால் அந்த நேரம் இருக்காது. நேரம் இல்லாதவன் கையில்தான் சுத்தியல் பெரிதாகிறது.

காரணம் பாருங்கள், ஊற வையுங்கள், நேராக இழுங்கள். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் என்ஜினும் பத்திரம், உங்கள் கையும் பத்திரம், நிலத்திலே நிற்கிற பயிரும் பத்திரம்.